பட்டியலில் இரண்டாவது பெயர்

1

போன வியாழக்கிழமை என் மகள் ரேணு என்னோடு சண்டை போட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினெட்டு வயது. இங்கிலாந்தின் வடக்கே உள்ள இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா கோட்டுகால்காரர், நான் பாறசாலைக்காரி; இரண்டும் தெற்குத் திருவிதாங்கூர் ஊர்கள். வீட்டில் நாங்கள் இருவரும் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவோம். அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் அந்த ஆங்கிலமும் எனக்குப் பாதிதான் புரியும்.

விஷயம் இதுதான். அவள் மருத்துவம் படிக்க விண்ணப்பித்த பல்கலைக்கழகம் அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்தது. என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பீட்டர் நல்ல மனிதர். மதியம் சாப்பிடும்போது கேட்டார்: "அங்கே தேர்வுக் குழுவில் என்னோடு படித்தவர் ஒருவர் இருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். நன்றி சொல்லித்தான் மறுத்தேன். வீட்டுக்கு வந்து அதை ரேணுவிடம் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

"உன் கொள்கைக்கு என் சீட்டை ஏன் விலையாகக் கொடுக்கிறாய்?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும். அவள் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

2

நானும் இங்கே ஒரு மருத்துவக் கல்லூரியின் தேர்வுக் குழுவில் இருக்கிறேன். ரேணு விண்ணப்பித்தது வேறு இடம். ஆகவே காத்திருப்போர் பட்டியல் என்பது என்ன என்று எனக்கு உள்ளிருந்தே தெரியும்.

வெளியில் இருப்பவர்கள் அதை ரேஷன் கடை வரிசை மாதிரி நினைக்கிறார்கள். முன்னால் நிற்பவர் போனால் பின்னால் நிற்பவர் நகர வேண்டும், அவ்வளவுதானே என்கிறார்கள். பல இடங்களில் அப்படியொரு வரிசையே கிடையாது. இருபது பெயர்கள் ஒரு தாளில் இருக்கும், வரிசை எண் இருக்காது. ஆகஸ்டில் பரீட்சை முடிவு வந்ததும் சிலருக்கு மார்க்கு போதாமல் போகும். சிலர் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். மூன்று இடம் காலியாகும். அப்போது ஒருவர், "நேர்முகத்தில் நன்றாகச் சிரித்தானே, அந்தப் பையன் எப்படி?" என்பார். இன்னொருவர், "அந்தப் பெண்ணின் தகப்பனாரை எனக்குத் தெரியும்" என்பார். போனை யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்கே இடத்தைக் கொடுத்துவிடுகிற கல்லூரியும் உண்டு.

குழுவில் சேர்ந்த முதல் வருஷமே நான் தகராறு செய்தேன். இடம் காலியாவதற்கு முன்பே வரிசை எழுதப்பட வேண்டும், எல்லாரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது என்றேன். தலைவருக்குப் பிடிக்கவில்லை. "நம்முடைய விவேகத்தின் மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா, டாக்டர்?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

இந்த நாட்டில் அப்படி நேராகப் பதில் சொல்வது பெரிய குற்றம். ஆனாலும் அடுத்த வருஷத்திலிருந்து வரிசை எழுதப்படுகிறது.

3

எங்கள் வீடு பாறசாலைக்கும் செங்கல் என்ற ஊருக்கும் நடுவே. அப்பா பாறைமடையில் கல் உடைக்கும் மேஸ்திரி. அம்மா மரச்சீனிக் கிழங்கு நட்டுச் சந்தையில் விற்பாள். மிஷன் பள்ளிக்கூடம் கொடுத்த உதவியில் நான் இன்டர்மீடியட் வரை போனேன்.

அவை எல்லைப் போராட்டத்தின் வருஷங்கள். மொழிவாரியாக மாநிலம் பிரியப்போகிறது, தமிழ் பேசும் தாலுக்காக்கள் திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம், ஊர்வலம், கடையடைப்பு. துப்பாக்கிச் சூடும் நடந்தது, ஆட்கள் செத்தார்கள். அப்பா பாறசாலையில் ஓர் ஊர்வலத்தில் பிடிபட்டுப் பதினொரு நாள் லாக்கப்பில் கிடந்தார். வெளியே வந்தபோது இடது கையில் ஒரு விரல் மடங்கவில்லை. பிறகு மடங்கவே இல்லை.

அந்த முயற்சி எங்கள் ஊரைப் பொறுத்தவரை தோற்றது. விளவங்கோடு வரை அந்தப் பக்கம் போகும், நெய்யாற்றின்கரைத் தாலுக்கா இங்கேயே இருக்கும் என்று அறிக்கை வந்துவிட்டது. எங்கள் ஊர் நெய்யாற்றின்கரையில் இருந்தது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பாறைமடைக்குப் போனார்.

அந்த வருஷம்தான் நான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் ஊரிலிருந்து வடக்கே, பஸ்ஸில் போகும் தூரம். உன் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது என்று கடிதம் வந்தது. ஜூலை முடியும்போது என்னோடு படித்த லீலாவுக்குச் சேரச் சொல்லித் தந்தி வந்தது. அவளும் அதே பட்டியல்தான், தாய்மொழி மட்டும் மலையாளம். என்னைவிட மார்க்கு குறைவு. அவளே வந்து சொன்னாள். அவள் கையைப் பிடித்துச் சந்தோஷம் என்றேன். மறுநாள் காலையில் தனியாக பஸ் ஏறினேன்.

4

கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டு எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தார். மரியாதையாகத்தான் மலையாளத்தில் பேசினார்.

"பாறசாலையா? அந்தப் பக்கமெல்லாம் போகப்போகிறதே. வேறு ராஜ்யத்துக்குப் போகிற பிள்ளைக்கு இங்கே எதற்கு ஒரு இடம்?"

"எங்கள் ஊர் போகவில்லை சார். நெய்யாற்றின்கரைத் தாலுக்கா."

"தாய்மொழி தமிழ் என்று எழுதியிருக்கிறாயே?"

"என் தாய்மொழி அதுதான்."

அவர் பேனாவை மூடினார். "உன் அப்பாவிடம் ஒரு சத்தியக் கடிதம் வாங்கி வா. நானும் என் குடும்பமும் இந்த ராஜ்யத்தைச் சேர்ந்தவர்கள், எல்லைக் கிளர்ச்சியில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்று எழுதிக் கையொப்பம் போடட்டும். இன்னும் ஓர் இடம் காலி இருக்கிறது. சனிக்கிழமை வரைதான்."

அன்று செவ்வாய்.

5

கொஞ்சம் இங்கிலாந்துப் பக்கம் வந்துவிட்டுப் போகிறேன்.

இங்கே பிரஜாவுரிமைக்கான மனுவைப் பூர்த்தி செய்தபோது பிறந்த இடம் என்ற கட்டத்தில் திருவிதாங்கூர் என்று எழுதினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தேசப்பட்டியலைப் புரட்டிவிட்டு, "அப்படி ஒரு நாடு இல்லையே" என்றாள். நான் பிறந்தபோது இருந்தது என்றேன். இப்போது என்ன பெயர் என்றாள். சொன்னேன். அப்படியானால் அங்கே பேசும் மொழி மலையாளம்தானே என்று அவளாகவே எழுதிக்கொண்டாள். அடித்துவிட்டுத் தமிழ் என்று எழுதச் சொன்னேன். பட்டியலில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றாள். "பட்டியலைத் திருத்துங்கள்" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற பாகிஸ்தான்காரர் சத்தமாகச் சிரித்தார்.

வந்த புதிதில் வார்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் நர்சுகளிடம் "வருகிறேன்" என்பதை ஆங்கிலத்தில் அப்படியே சொல்வேன். நம் ஊர் வாறேன்தான். அவர்கள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, எப்போது வருவேன் என்று காத்து நிற்பார்கள். போகிறேன் என்று சொல்லப் பழக எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

6

செவ்வாய் சாயங்காலம் வீட்டில் நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மாதான் முதலில் பேசினாள்.

"ஒரு கையொப்புதானே? இட்டுக் குடுங்க. பிள்ளைக்க படிப்பாக்கும் பெருசு."

அப்பா தன் இடது கையைப் பார்த்தார். "பங்கு இல்லேன்னு எழுதணுமா? அப்போ எனக்க விரலு மடங்காம இருக்கியது எதுக்காக்கும்?"

"அத யாரு பாக்கப்போறா? கடுதாசியத்தானே பாப்பாவ" என்றாள் அம்மா.

"நீங்க பொய் எழுதாண்டாம் அப்பா" என்றேன்.

வாய் அப்படிச் சொன்னது. மனசு எழுதுங்கள், எழுதுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அதை இன்றும் மறைக்க மாட்டேன். பதினெட்டு வயதில் எனக்கு ஊர் எந்தப் பக்கம் சேர்ந்தால் என்ன என்றுதான் இருந்தது. உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

அப்பா இரண்டு நாள் வழக்கம்போலப் பாறைமடைக்குப் போய் வந்தார். வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து என் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்தார். தமிழில்தான் எழுதத் தெரியும். மெதுவாக எழுதினார். நான் அதை ஆங்கிலத்தில் கீழே எழுத வேண்டும் என்றார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"என் ஊர் எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதற்காகப் பதினொரு நாள் அடைக்கப்பட்டேன். அந்த அபிப்பிராயம் என்னுடையது. மார்க்கு என் மகளுடையது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம்."

"இதக் கொண்டுபோனா வாசல்லயே விரட்டுவாவ" என்று அம்மா அழுதாள்.

"நானும் போறேன். ரெண்டு பேரையும் சேத்து விரட்டட்டு" என்றார் அப்பா.

7

சூப்பிரண்டு தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இது கேட்ட கடிதம் இல்லை என்றார். அப்பா வாங்கவில்லை. பிரின்சிபாலைப் பார்க்காமல் போக முடியாது என்று நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. குளித்தும் கல்தூசி போகாத கால்களோடு அந்த வராந்தாவில் பதினோரு மணியிலிருந்து இரண்டரை வரை நின்றார். போகிற வருகிற மாணவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் பிரின்சிபால் உள்ளே கூப்பிட்டார். வயதானவர், தமிழ் தெரிந்தவர். அப்பாவின் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு சூப்பிரண்டிடம் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார்.

பட்டியலை அப்போதுதான் நான் கண்ணால் பார்த்தேன். நீளமான தாள். மார்க்கு வரிசையில் பெயர்கள். சில பெயர்களின் பக்கத்தில் பென்சிலால் மலையாளத்தில் ஒற்றை எழுத்து. தெற்கு என்பதற்கு 'தெ'. என் பெயருக்குப் பக்கத்திலும் இருந்தது.

"இது என்ன?" என்றார் பிரின்சிபால்.

"போகப்போகிற தாலுக்காக்கள் சார்."

"பாறசாலை எந்தத் தாலுக்கா?"

"நெய்யாற்றின்கரை சார்."

"நெய்யாற்றின்கரை போகிறதா?"

சூப்பிரண்டு தயங்கினார். "இல்லை சார். அது நமக்குத்தான்."

பிரின்சிபால் முகம் தெளிந்தது. "பிறகென்ன? இந்தக் குட்டி நம்முடையவள். நாளைக்கே வந்து சேரட்டும்."

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா பேசினார்.

"சார், ஒரு வார்த்தை. எனக்க ஊரு அந்தப் பக்கம் போயிருந்தா இவளுக்கு இடம் இல்ல. நாங்க தோத்துப்போனதுனால இடம் உண்டு. அப்படித்தானே?"

பிரின்சிபால் அப்பாவின் தாளை மேஜையில் வைத்தார்.

"அப்படி ஒரு இடம் எங்களுக்கு வேண்டாம் சார். மார்க்குக்கு உண்டுமானா தாருங்க."

நான் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவர் திரும்பவில்லை.

பிரின்சிபால் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. மேஜையிலிருந்து ரப்பரை எடுத்தார். பட்டியலில் இருந்த பென்சில் எழுத்துகள் அத்தனையையும் ஒவ்வொன்றாக அழித்தார். தூளை ஊதினார். பிறகு மேலிருந்து விரலை வைத்துக்கொண்டு வந்தார். லீலாவைப் போல ஏற்கெனவே சேர்ந்தவர்களை விட்டு, மீதியில் முதல் பெயரில் விரல் நின்றது.

"தேவதாஸ். மார்த்தாண்டம். இந்தப் பெண்ணைவிட ஆறு மார்க்கு கூடுதல்." தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார். "குறியை எடுத்தால் எல்லாருக்கும்தானே எடுக்க வேண்டும்? இவர் முதல். உங்கள் மகள் இரண்டாவது. காலி இருப்பது ஓர் இடம். இப்போது என்ன சொல்கிறீர்?"

மார்த்தாண்டம் விளவங்கோட்டில் இருந்தது. அது நிச்சயமாக அந்தப் பக்கம் போகப்போகிற ஊர்.

அப்பா என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மாறியிருப்பாரோ என்னவோ.

"அப்போ அந்தப் பிள்ளைக்குக் குடுங்க சார். அதுல என்ன கேள்வி?"

8

திரும்பி வரும்போது நெய்யாற்றின்கரையில் பஸ் நின்றது. "சாயா குடிக்கியா மக்கா?" என்று அப்பா கேட்டார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சனிக்கிழமை முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தி வரவில்லை. பட்டியல் மூடப்பட்டது.

பத்தொன்பது நாள் அப்பாவோடு பேசவில்லை. அவர் சோற்றுக்கு உட்காரும்போது நான் எழுந்து போனேன். அவரும் சமாதானம் சொல்லவில்லை. தான் செய்தது சரி என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இருபதாம் நாள் பாறைமடையில் ஒரு சில்லு தெறித்துப் புருவத்தில் பட்டு வந்தார். நான்தான் கழுவிக் கட்டினேன். கட்டும்போது அவர் தலையை அசைத்ததும் "அனங்காதீங்க" என்றேன். பேச்சு அப்படித்தான் திரும்பிற்று.

நவம்பரில் மாநிலம் பிரிந்தது. எங்கள் ஊர் மலையாளப் பக்கமே நின்றது. செங்கல் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். மறு வருஷம் அதே கல்லூரிக்கு மறுபடி விண்ணப்பித்தேன். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்றே எழுதினேன், போன தடவையைவிடப் பெரிய எழுத்தில். முதல் பட்டியலிலேயே பெயர் வந்தது. காத்திருக்கவில்லை.

அங்கே தேவதாஸ் எனக்கு ஒரு வருஷம் சீனியர். "தமிழா? நம்ம பக்கமா?" என்று அவனாகவே வந்து பேசினான். எலும்புப் பெட்டியும் நோட்டுகளும் கொடுத்தான். நான் எதையும் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் ஒரு வருஷம் அங்கே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அவன் படிப்பை முடித்துப் போகிற அன்றைக்குத்தான் சொன்னேன். "உனக்க அப்பாவ நான் பாக்கணும்" என்றான்.

வந்தான். அப்பா அவனிடம் ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஆறு மார்க்கு உனக்கு எதுல கூடுச்சு?"

"கெமிஸ்ட்ரியில."

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவளுக்கு கெமிஸ்ட்ரி கொஞ்சம் மட்டமாக்கும்."

அப்பாவை நான் மன்னித்துவிட்டேனா என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். ஒரு வருஷம் என்னுடையது, அதைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த அறையில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்த கை என்னுடையது. அதையும் நான் மன்னிக்கவில்லை.

9

பீட்டரிடம் நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். யாரோ ஒரு வார்த்தை சொல்லி ரேணு உள்ளே போனால், வெளியே நிற்கப்போவது யார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு பெயர் இருக்கும். அதனால் முடியாது. என் மகள் என்னோடு பத்தொன்பது நாள் பேசாவிட்டாலும் சரி.

அவள் ஐந்து நாளில் கீழே வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கூடத்தில் நின்று அவளே அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள். நான் சமையலறையில் இருந்தேன், தண்ணீரைத் திறந்துவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பட்டியலில் என் எண் என்ன என்று கேட்டாள். அந்த எண்ணை எப்போது போட்டீர்கள், எதை வைத்துப் போட்டீர்கள் என்று கேட்டாள். அந்த முனையில் யாரோ ஏதோ சமாளித்தார்கள் போலிருக்கிறது. "கடிதமாக அனுப்ப முடியுமா?" என்றாள், மரியாதையாக, விடாமல், இரண்டு தடவை.

பிறகு வந்து மேஜையருகே நின்றாள். ஏழாவது எண்ணாம். ஐந்து பேரைக் கூப்பிட்டுவிட்டார்களாம். பட்டியலை மூடிவிட்டார்களாம்.

நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் தாடை இறுகியிருந்தது.

"அம்மா, அடுத்த வருஷம் மறுபடி எழுதுறேன்" என்றாள் தமிழில். வார்த்தையைத் தேடினாள். "நான் விழமாட்டேன்."

விடமாட்டேன் என்று சொல்ல வந்தாள். நான் திருத்தவில்லை.